மரக்காணத்தில் பத்து மணிக் கரண்ட்

காலை 4.30. 2005 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவி மங்கையும் எங்கள் மின்சாரக் காரில் திருவான்மியூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினோம். இரண்டு கதவுள்ள சின்ன வண்டி. பேட்டரி நிறைந்திருந்தால் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓடும். புதுச்சேரியோ ஏறத்தாழ நூற்று நாற்பது. பெட்ரோல் பங்க்குகள் வழியெல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது பதினைந்து ஆம்பியர் பிளக். இரண்டே இரண்டு பிளக்குகளை உறுதி செய்ய மூன்று வாரம் தொலைபேசியில் பேசியிருந்தேன்.

காலை 6.00. மாமல்லபுரம், 46 கி.மீ. லாட்ஜில் அரை நாள் அறை, 250 ரூபாய். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து வண்டியில் செருகினேன். மேனேஜர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ரூம்ல வண்டிதானே சார் தங்குது? ரிஜிஸ்டர்ல யார் பேரப் போட?"

இரண்டரை மணி நேரத்தில் எண்பது சதவீதம் ஏறியது. 8.35க்குப் புறப்பட்டோம். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. கடப்பாக்கம் தாண்டியதும் வலப்பக்கம் உப்பங்கழி வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. எதிர்காற்றுக்கு வண்டி திணறியது.

காலை 10.05. மரக்காணம், 105 கி.மீ. பேட்டரி முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் மூலம் பழக்கமான ஏழுமலை, தன் உப்பளத்து மோட்டார் கொட்டகை வாசலில் காத்திருந்தார். அக்காவோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்த அளம் அது. "கரண்ட் எப்போது நன்றாக இருக்கும்?" என்று போனில் கேட்டிருந்தேன். "பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் த்ரீ ஃபேஸ், நல்லா இருக்குங்க" என்றிருந்தார். என் பயணத் திட்டம் முழுவதும் அந்தப் பத்து மணியைச் சுற்றித்தான் அமைந்தது.

செருகினோம். ஏழுமலை மோர் வாங்கி வந்து கொடுத்தார். பாத்திகளைக் காட்டினார். மூன்று பேரும் பேசிக்கொண்டே வரப்பில் நடந்தோம். பேச்சுக்கு நடுவே அவர் பார்வை அடிக்கடி என் காரின் பக்கம் போனது.

10.45. உப்பு வாரும் பலகை கட்டிய நீண்ட கழியுடன் அவருடைய அக்கா அஞ்சலை வரப்பில் வேகமாக வந்தார்.

"டேய், மோட்டாரப் போடலியா இன்னும்? நேத்துதான் கரண்டே வரல. இன்னிக்கும் தண்ணி ஏத்தாம, பாத்தி காஞ்சி கெடக்குதுடா!"

"இருக்கா. சாருக்கு சார்ஜ் ஏறிட்டு இருக்குது."

"சாருக்கா, காருக்கா?"

எனக்கு விளங்கவில்லை. மங்கைதான் நேராகக் கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணா ஓடாதாங்க?"

"ஓடாதும்மா. இந்த லைனு வீக்கு. வண்டி இழுக்கும்போது போட்டா மோட்டாரு உறுமும், சுத்தாது." ஏழுமலை தலையைச் சொறிந்தார். "செல்போன் மாதிரி அரை மணியில ஆயிடும்னு நெனச்சேன். வாக்கு குடுத்துட்டேன், எப்படி வந்து புடுங்குறது?"

உப்பு பூத்த பாத்தியில் மேலே தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். வற்றினால் தண்ணீரின் கசப்பு உப்பில் இறங்கி, உப்பு அடிச்சேற்றோடு ஒட்டிவிடும். சுரண்டிக் கொட்டிவிட்டு, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து நாள் உழைப்பு போய்விடும். நான் தேர்ந்தெடுத்த பத்து மணி, அவர்கள் இரண்டு நாளாகக் காத்திருந்த பத்து மணி.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஏழுமலை "பரவால்ல சார், இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே மோட்டாரைப் போட்டார். கை அவ்வளவு வேகமாகப் போனது. வாய்க்காலில் உப்பங்கழித் தண்ணீர் நுரைத்து ஓடியது. அஞ்சலை மண்வெட்டியால் மடைமடையாகத் திறந்துகொண்டே போனார். கடைசி வரிசைப் பாத்திகள் தூரத்தில் இருந்தன; தண்ணீர் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "போவும்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பகல் 1.00. த்ரீ ஃபேஸ் போனது, மோட்டார் நின்றது. இனி விளக்கெரியும் அளவு கரண்ட்தான். அதில் வண்டியைச் செருகினேன், மெதுவாக ஏறியது. கொட்டகை நிழலில் மங்கையும் அஞ்சலையும் எங்கள் எலுமிச்சைச் சாதத்தைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். கரண்டுக்கு ஐம்பது ரூபாய் நீட்டினேன். ஏழுமலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாலை 4.40க்கு விடைபெற்றோம். 5.45. புதுச்சேரி, மீட்டர் 141 காட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு எங்களை எதிர்பார்த்திருந்த மங்கையின் தங்கை, ஆறிய குழம்பைச் சுடவைத்தாள்.

இரவு 7.30. ஏழுமலைக்குப் போன் செய்தேன். எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் ஏறியதா என்று கேட்டேன்.

"ஏறிடுச்சு சார். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

பின்னால் அஞ்சலையின் குரல் கேட்டது. போன் கை மாறியது.

"அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். கடைசி ரெண்டு பாத்தி போயிடுச்சு. நாளைக்கு மிதிக்கணும்."

காலையில் என் வண்டி குடித்த நாற்பது நிமிடம். "மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம செய்துட்டேன்" என்றேன்.

"தெரிஞ்சதும்தான் நீங்க புடுங்கிட்டீங்களே. அத்த வுடுங்க." சிரித்தார். "அடுத்த தபா ஐப்பசில வாங்க. அப்ப அளமெல்லாம் மழைத்தண்ணிதான், மோட்டாருக்கு வேலையே கெடையாது. கரண்டு பூரா ஒங்க வண்டிக்கே."