கேள்வியக்கா வாங்கிய அடிகள்

கேள்வியக்காவின் மேசைமேல் தூக்கி எறிகிற மாதிரி ஒரு பொருள்கூட இருக்காது. முன்பு ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட் இருந்தது. அது ஒரு நோயாளியின் மருமகன் கையிலிருந்து பறந்து வந்து அவருடைய புருவத்தைக் கிழித்தது. எவர்சில்வர் ஜக்கு ஒன்று இருந்தது; அதை இன்னொருவன் ஜன்னலில் வீசினான். இப்போது மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் டம்ளர், தரையோடு முடுக்கிய மேசை, நாலு நாற்காலி. நாற்காலியையும் முடுக்கிவிடலாம் என்றேன். "நோயாளி பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காரணும்ல" என்று மறுத்துவிட்டார். நான் அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காவலாளி. அவர் அறைக்கு வெளியே நிற்பதுதான் என் வேலை. என் வயிற்றெரிச்சலும் அதுதான்.

அவர் நர்ஸ். டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனதை நிதானமாக மறுபடி சொல்வதற்கென்றே அவருக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். என்ன நோய், எந்த மட்டில் இருக்கிறது, என்னென்ன வைத்தியம் உண்டு, பிழைப்போமா என்று யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். உறவுக்காரர்கள் வெளியே, நோயாளி மட்டும் உள்ளே. "உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்றுதான் ஆரம்பிப்பார்; கேள்வியக்கா என்ற பேர் அதில் வந்ததுதான். கேட்காததை வலிந்து சொல்ல மாட்டார், கேட்டதை மறைக்கவும் மாட்டார்.

வருகிற குடும்பங்களுக்கோ ஒரே பாட்டு: "அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்." அன்பால் சொல்கிறார்கள், சரி. அந்த அன்பு எப்படி அறையும், எப்படி உதைக்கும் என்று பார்த்தவன் நான். அக்காவின் இடது காது ஓர் அண்ணன்காரன் அறைந்த அறையில் போனது. அன்றிலிருந்து வலது காதை நோயாளி பக்கம் வைத்துத்தான் உட்காருவார். "ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடுற சௌகரியம் போச்சு" என்று சிரிப்பார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போது, "இன்னிக்கு எங்க கிழிஞ்சிருக்கு?" என்பார். கேலியாகக் கேட்டாலும் அவர் கண் மனைவியின் முகம் முழுக்கத் தேடிவிட்டுத்தான் ஓயும்.

அக்காவின் மணிக்கட்டில் ஒரு பல் தடம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சின்னக் கட்டி என்று சொல்லிக் கூட்டிவந்த ஒரு பெண் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தாள். நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் இல்லை. பக்கத்திலிருந்த அக்காவின் கையைப் பிடித்து எலும்பு தெரியக் கடித்தாள். "அவ கடிச்சது நியாயம்" என்பார் அக்கா. அந்த முறை வந்ததே அந்தக் கடியிலிருந்துதான்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. உள்ளே கை ஓங்கினால் அவர் குரல் கொடுப்பார். "தண்ணி" என்றால் நான் வரக் கூடாது, "டீ" என்றால் வர வேண்டும். இத்தனை வருஷமும் எனக்குத் தண்ணிதான்.

அந்தப் பட்டறைக்காரர் வந்த கதைக்கு வருகிறேன். இரும்புக் கதவு அடிக்கிற பட்டறை, அதற்கேற்ற கை, அதற்கேற்ற தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று. குருத்தெலும்பைத் தாண்டிவிட்டது, மறுநாள் குரல்வளையையே எடுக்க வேண்டும். மகன் அவரிடம் சொல்லி வைத்திருந்ததோ, "சின்னப் புண்ணுப்பா, சுரண்டி எடுத்துருவாங்க." விஷயம் தெரியாத ஆளின் கழுத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் அக்காவிடம் அனுப்பினார்.

மகன் முந்திக்கொண்டு வந்தான். அறைக்கு வெளியே நடையிலேயே அக்காவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"குரல் போயிரும்னு சொன்னா அவரு ஒத்துக்க மாட்டாரு. செத்துருவாரு. செத்தா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தேன். அக்கா இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "சொல்லாம அறுத்தா, முழிச்சதும் ஏன்டான்னு கேக்கக்கூட அவருக்குக் குரல் இருக்காது தம்பி."

பட்டறைக்காரரை உள்ளே கூட்டிப்போனார். அவர் மனைவி நடையில் ஒடுங்கி நின்றிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?"

"எல்லாம்." கரகரத்த குரல்தான், ஆனாலும் நடை அதிர்ந்தது.

"அது புண்ணு இல்ல. குரல்வளையில புற்றுநோய். குரல்வளையை எடுக்கணும். அப்புறம் கழுத்துல ஒரு துளை வழியாத்தான் மூச்சு. இந்தக் குரல் திரும்ப வராது. கருவி வெச்சுப் பேசப் பழகிக்கலாம்."

"வேற வழியே இல்லையா?"

"கதிர் சிகிச்சையும் மருந்தும் இருக்கு. உங்களுக்கு அதுல கட்டுப்படுற வாய்ப்பு கம்மி."

"எடுத்தா பொழைப்பனா?"

"உங்களை மாதிரி இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க. நீங்க எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன்."

அக்காவின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "தண்ணி!" என்றார் அக்கா. மறுபடி விழுந்தது. "தண்ணி!" வாயில் ரத்தம் இருந்ததால் அந்தச் சொல் கொழகொழவென்று வந்தது. நான் கதவுப் பிடியை நசுக்கிக்கொண்டு நின்றேன். நாற்காலி ஒன்று சுவரில் மோதிச் சிதறியது. மகன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"தெரிஞ்சே மறைச்சியாடா?" என்று அப்பன்காரர் அவன் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினார். நெற்றி பிளந்தது. மகனைக் காப்பாற்ற அந்த அம்மா ஓடினார். பட்டறைக்காரர் திரும்பினார். "உனக்கும் தெரியும்ல?" இரும்பு அடித்துப் பழகிய கை. அந்த அம்மா முகத்தில் வாங்கிக்கொண்டு சுவரோடு சரிந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"டீ!"

என் காதையே நான் நம்பவில்லை. அடுத்த நொடி பட்டறைக்காரர் தரையில், என் முழங்கால் அவர் முதுகில். கையை வேண்டியதற்குமேல் கொஞ்சம் முறுக்கினேன். மனசுக்கு இதமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

தரையில் கன்னம் அழுந்தக் கிடந்தவர் திடீரென்று அழுதார். "எடுத்துருங்க. எனக்குச் சாகப் பயமா இருக்கு." குரல் போகும் என்று தெரிந்தேதான் சம்மதித்தார். அக்கா வாங்கிய அடிக்கு அந்த ஒரு பலன் கிடைத்தது. அவரை வார்டுக்கும் மகனைத் தையல் போடவும் கூட்டிப்போனார்கள்.

அந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அக்கா தன் கிழிந்த உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?"

"நிஜமாவே அவருக்குச் சத்தம் வராதா?"

"அந்தச் சத்தம் வராது."

அப்பாடா என்று இருக்கும் இவருக்கு என்று நினைத்தேன். அந்த அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு தெருமுனையிலேயே கத்திக்கிட்டு வருவாரு. அதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமும் பின்கதவு வழியா ஓடித் தப்பிச்சேன். இனிமே அவரு வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"

எந்தக் கேள்விக்கும் தடுமாறாத அக்கா பஞ்சை எடுத்தார், பார்த்தார், மறுபடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரு என்னை அடிச்சதுக்குப் போலீஸ்ல புகார் குடுக்கணும். இன்னிக்கே. நீங்கதான் சாட்சி."

காது போனபோதுகூடப் புகார் கொடுக்காதவர் அவர். "அப்ப ஆபரேஷன்?" என்றேன்.

"அது நாளைக்கு நடக்கும். துளையைச் சுத்தம் பண்ணக்கூட நானே கத்துக்குடுப்பேன். ஆனா இவங்க அவரோட அந்த வீட்டுக்குப் போகக் கூடாது."

உடையாத நாற்காலி ஒன்றை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு சொல்லணுமோ, சொல்லுங்க" என்றார்.