ஜன்னலோரம் வைத்த கேசட்

மீமிசலில் பழைய மீன் கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து, ஊருக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறோம். ரிட்டையர்டு டீச்சரான எனக்குப் பொருட்களை அடுக்கிச் சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆரம்பித்த புதிதில் ஜுலைகா அக்கா ஒரு கேசட் கொடுத்தார். சவூதியில் இருந்த அவர் கணவர், கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. மனிதர் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார்.

"எங்க வீட்டு டேப்பு ரிப்பேரு டீச்சர். இங்கன பத்திரமா இருக்கும்."

எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கண்ணாடிப் பெட்டியில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். 'தொடாதீர்கள்' என்று எழுதியும் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வந்து அதன் முன்னால் நிற்பார். பெருமையாகப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். மூன்று வருடம் கழித்து ஒருநாள் கேட்டார்: "ஒரு தடவ போட்டுக் காட்டுறீங்களா? தொடாதீங்கன்னு போட்டிருக்கவும் கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அறந்தாங்கியில் தேடிப்பிடித்து டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தேன். வெயிலில் கேசட் நெளிந்துபோயிருந்தது. போட்டதும் நாடா சிக்கித் துண்டு துண்டாக அறுந்தது. திருச்சி வரை கொண்டுபோயும் பலனில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை.

"அவுக பேசுனதெல்லாம் மனப்பாடம் டீச்சர். கொரலுதான் மறந்துபோச்சு."

இந்த மூன்று வருடத்தில் அதை ஒருமுறை கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டை மட்டும் இரண்டு தடவை அழகாக மாற்றி எழுதினேன்.

அக்கா இன்னமும் வெள்ளிக்கிழமை வருகிறார். அந்த நேரத்தில் நான்தான் அங்கே இருப்பதில்லை.