அண்ணி பிரேக் மாற்றிய புதன்கிழமை

அண்ணி பிரேக்கில் கால் வைத்தால் கார் கத்தும். சின்னக் கத்தல் இல்லை. பூனையின் வாலை மிதித்த மாதிரி, நீளமாக, காதைக் கிழிக்கிற கீச்சு. ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் படுத்திருக்கும் நாய் அதைக் கேட்டதும் எழுந்து நின்று பதில் குரல் கொடுக்கும். அண்ணி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "உன்ன யாருடா கேட்டா?" என்று நாயை ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. அவர் புருஷனும் போய், என் வீட்டுக்காரரும் போன பிறகு, அவர், நான், என் மகன் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணி கவர்மெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ், கன்னடம் இரண்டையும் ஒரே சத்தத்தில் பேசுவார். எனக்கு நாலாங்கிளாஸோடு படிப்பு நின்றது. பேச்சும் அதோடு நின்றுவிட்டது என்பார் அண்ணி. பொய்யில்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். அல்சூரில் என் தங்கை படுத்த படுக்கையாக இருந்தாள். வியாழக்கிழமை வியாழக்கிழமை அவளைப் போய்ப் பார்த்து, தலை வாரிவிட்டு வருவேன் என்றால் அது அண்ணியின் காரால்தான். அந்தக் கார் இல்லாவிட்டால் நான் வாசல் தாண்டமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை என் மகன் அந்தக் கீச்சைக் கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அத்தை, இந்தச் சத்தத்தோட இன்னொரு தடவ வண்டிய எடுத்தீங்கன்னா, அன்னிக்கே வித்துடுவேன். வண்டி என் பேர்லதான் இருக்கு."

"பேரு உன்னோடது. சாவி என்னோடது," என்றார் அண்ணி.

ஆனாலும் மறுநாள் மெக்கானிக் ஷாப்புக்குப் போனார். பிரேக் பேட் தேய்ந்துபோய்விட்டது என்று பார்த்துச் சொன்ன அந்த ஆள், மேற்கொண்டு விவரம் கேட்டதற்கு, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்கம்மா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டான். அதோடு முடிந்தது. அண்ணி அப்படியே ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது பேட் வாங்கிவந்து, அன்று முழுக்க செல்போனில் பேட் மாற்றுகிற வீடியோ பார்த்தார். புதன்கிழமை மகன் ஆபீஸ் போனதும் என்னைக் கூப்பிட்டார். "இவளே, வா. நாளைக்கு அல்சூர் போகணுமா வேணாமா?"

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான். "இன்னா பெரிம்மா, கல்லெல்லாம் வெச்சு அடுப்பு மூட்றியா?"

"ஆமாண்டா. உனக்கும் ஒரு வாய் போடறேன், இரு."

நட்டுகளைத் தளர்த்த அண்ணி ஸ்பேனர்மேல் ஏறி நின்றார். கனத்த உடம்பு அன்றைக்குத்தான் உதவியது என்று பிறகு அவரே சொன்னார். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பேட். புதுசு, சோப்புக் கட்டி மாதிரி தடியாக இருந்தது. பழையது, கடைசியில் குளியலறையில் ஒட்டிக்கிடக்குமே, அந்தச் சோப்புச் சில்லு. "இதை வெச்சுக்கிட்டா அல்சூர் வரைக்கும் போய் வந்தோம்?" என்று அண்ணி என் பக்கம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன்.

புது பேட் தடியாக இருந்ததால் இடம் போதவில்லை. பேட்டைத் தள்ளுகிற இரும்பு உருளை வெளியே வந்து நின்றது. அதை உள்ளே அமுக்க வேண்டும். அண்ணி கையால் அமுக்கினார். திட்டினார். கன்னடத்தில் திட்டினார். பிறகு, "உன் கீரை மத்தைக் கொண்டா" என்றார். மத்தின் காம்பைக் கொடுத்து நெம்பியதும் உருளை நல்ல பிள்ளையாக உள்ளே போனது. அன்றைக்குக் கீரை இல்லை, ரசம்தான். இரண்டு சக்கரமும் முடிந்து வண்டியைக் கீழே இறக்கிக் கல்லை எடுத்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

அண்ணியின் கையெல்லாம் கிரீஸ். "நீ ஏறி பிரேக்க அழுத்திப் பாரு. கெட்டியா இருக்கான்னு சொல்லு."

டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அழுத்தினேன். கால் இட்லி மாவுக்குள் போனது போல அடிவரைக்கும் போயிற்று. அண்ணி கேட்ட எதற்கும் "ம்" என்றுதான் எனக்குச் சொல்லிப் பழக்கம். அன்று "ம்" வரவில்லை.

"கெட்டியா இல்ல அண்ணி."

"உன் கால்ல பலமில்ல. இறங்கு, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

எங்கள் சந்து சரிவு. அடியில் தண்ணி லாரி போகும் ரோடு. நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். அதே மாவு.

"இறங்குடி."

"மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து, லேப்டாப் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று மகன் ஸ்கூட்டரில் வந்து நின்றான். சிதறிக் கிடந்த ஸ்பேனர்கள், கிரீஸில் கறுத்த அத்தை, டிரைவர் சீட்டில் அம்மா.

"அம்மா, என்ன இது? மொதல்ல இறங்குங்க."

இரண்டு பேரும் இரண்டு ஜன்னலிலும் நின்று இறங்கு இறங்கு என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அழுத்தினேன். அழுத்த அழுத்த மாவு கெட்டியாயிற்று. களி ஆயிற்று. கடைசியில் கால் கல்லில் வைத்ததுபோல நின்றுவிட்டது.

"இப்ப கெட்டியா இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மகன் ஏறி மெதுவாகச் சந்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். பிரேக் போட்டான். சத்தமே இல்லாமல் வண்டி நின்றது. நாய்கூட எழுந்திருக்கவில்லை. இறங்கிவந்து சாவியை அத்தையிடம் நீட்டினான்.

"உள்ள தள்ளின உருளை திரும்பி வெளிய வர, பிரேக்க பல தடவ அழுத்தணும் அத்தை. அழுத்தாம எடுத்திருந்தா நேரா தண்ணி லாரிக்கு அடியில போயிருப்பீங்க. யாரு சொன்னாங்க அம்மாவுக்கு?"

"வீடியோவுல கடைசியில வந்திருக்கும். நான் அதுக்குள்ள தூங்கிட்டேன்," என்றார் அண்ணி. மத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் அல்சூர் போனோம்.

அண்ணி போய் ஒரு வருஷம் ஆகிறது. பதிமூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லோரும், தனி ஆளாகப் பிரேக் மாற்றிய பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு ஸ்கூட்டரே போதும், காரை விற்றாகிவிட்டது. தங்கை இருக்கிறாள், வியாழக்கிழமையும் வருகிறது. முதல் வாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் வாரம் ஏறினேன். அல்சூர் என்று நான் சொன்னது கண்டக்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

போன வாரம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக்கைக் குத்துக் குத்தென்று குத்தினார். நாங்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

"பிரேக் நல்லா கெட்டியாதான் இருக்குப்பா. இவ்வளோ வேணாம், பாதி அழுத்தினா போதும்," என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்தார். "ஏம்மா, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டமாட்டேன்," என்றேன். "அழுத்துவேன்."