லேப்டாப்பில் ஒட்டிய பொட்டு

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனையில் வெளியே அனுப்பப்பட்ட அன்றுதான் அது எனக்கே தெரிந்தது. பிறகு கோபர்கைரனேயில் சர்க்யூட் போர்டு வரையும் கம்பெனியில் வேலை கிடைத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கண்ணால் இன்னொரு தடவை பிழைப்பு போய்விடக் கூடாது என்ற பயம்.

கம்ப்யூட்டரில்தான் வரைவோம். தொடக்கூடாத இரண்டு கோடுகள் தொட்டுவிட்டால் சாஃப்ட்வேர் அந்த இடத்தில் வட்டம் போட்டுக் காட்டும். பச்சைக் கோட்டின் மேல் சிவப்பு வட்டம். இதை யோசித்த மகராசன் கண் நல்லா இருக்கட்டும்! பிழைப் பட்டியல் என்று ஒன்றும் தரும். அதில் முக்கால்வாசி வெற்றுக் கூச்சல், போர்டில் அச்சாகும் எழுத்து ஓரத்தில் இடிக்கிறது என்பது போல. அதனால் எல்லோரும் வட்டத்தைப் பார்த்துத்தான் திருத்துவார்கள். நிறத்தை மாற்றும் வசதி மேலாளர் கையில் மட்டும் இருந்தது. கேட்டால் ஏன் என்பார்.

நல்லவேளையாக, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. தாராவியில் எங்களுக்கு ஒற்றை அறை. என் மனைவிக்கு சர்க்யூட்டும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சிவப்பு தெரியும். லேப்டாப்பை மடியில் வாங்கி, வட்டம் தெரிகிற இடத்திலெல்லாம் தன் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவாள்.

"இந்தா, இங்க ஒண்ணு இருக்கு. எல்லாம் முடிஞ்சுட்டு, பாருங்க."

நான் ஒவ்வொன்றாக உரித்து அடியில் இருப்பதைத் திருத்துவேன். கடைசிப் பொட்டை உரிக்கும்வரை திரையில் படம் அசையக்கூடாது. அது மட்டும்தான் எங்கள் சட்டம்.

அன்று சந்தில் தண்ணீர் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. அவள் கடைசிப் பொட்டை ஒட்டிவிட்டுக் குடத்தோடு ஓடினாள். ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் உரித்துத் திருத்தியபின், அவசரத்தில் என் கை மவுஸ் சக்கரத்தில் பட்டு, போர்டு நகர்ந்துவிட்டது. குத்துமதிப்பாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பொட்டை உரித்தேன். அடியில் எந்தக் கோடும் இன்னொன்றைத் தொடவில்லை. பட்டியலைப் போல இந்த வட்டமும் வெற்றுக் கூச்சல்தான் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

அந்தப் படத்தின்படி தொழிற்சாலையில் செய்து வந்த போர்டுகள் கரண்ட் கொடுத்ததும் புகைந்தன. மேலாளர் என் படத்தைப் பெரிய திரையில் போட்டார்.

"அரே, இத்னா படா லால் கோலா திக்கா நஹீ?"

இவ்வளவு பெரிய சிவப்பு வட்டம் தெரியவில்லையா என்கிறார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் எங்கோ இரண்டு தட்டு தட்டினார். வட்டம் நீலமானது. ஐயோ, எவ்வளவு பெரிதாக இருந்தது! வாசலில் நின்றவனுக்கே தெரிந்திருக்கும். முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவுதானே வேலை என்று இந்தியில் சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பிறகு, இனி உன்னை வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த பொட்டுப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாந்தான் எடம் மாத்தி ஒட்டிட்டனா?"

"நீ சரியாத்தான் ஒட்டுன. போர்டுதான் நகந்துட்டு."

அவள் நம்பவில்லை. தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.