உழாமல் விட்ட மூன்றடி

போன வருடம் ஒரு மாலைக் காற்றில் என் வாழையில் பாதி சாய்ந்தது. மரத்தைப் புரட்டிப் பார்த்தால், வேர் ஒரு சாணுக்குக் கீழே இறங்கவே இல்லை. பக்கவாட்டில் ஓடிச் சுருண்டிருந்தது. அதற்கு முன் பல வருடம் அது நெல் வயல். சேறடித்துச் சேறடித்து, ஈரம் காயும் முன்பே அறுவடை இயந்திரத்தை இறக்கி, அடிமண்ணைத் தார் ரோடு மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். ஜீயபுரத்தில் எல்லோரும் செய்வதுதான். நான் மாட்டிக்கொண்டேன்.

மீதி வாழையை வெட்டி முடித்ததும் உளிக்கலப்பை ஓட்டுவதென்று முடிவு செய்தேன். அது மண்ணைப் புரட்டாது. ஆழமாகக் கீறி இறுக்கத்தை உடைக்கும். அதுவும் மண் நன்றாகக் காய்ந்திருந்தால்தான். ஈரத்தில் ஓட்டினால் கோடு விழுவதோடு சரி. வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்று வயல் காயும்வரை காத்திருந்தேன். மனைவி போன பிறகு காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. மகள் பெங்களூரில். வீட்டில் டிவியோடுதான் சண்டை போடுவேன்.

பேச்சென்று ஒன்று இருந்தால் அது சாயங்காலம்தான். அடுத்த வயல்காரர் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ராத்திரிக் காவல் வேலை பார்க்கிறார். பஸ்ஸைப் பிடிக்க என் வயலின் குறுக்கே நடப்பார். மோட்டார் கொட்டகை அருகே நின்று, "சாப்டாச்சாண்ணே?" என்பார்.

"ஆச்சுங்க. பஸ்ஸ விட்டுடப் போறீங்க, நடங்க" என்று விரட்டுவேன். பல நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு கேள்விக்காக நான் வெகுநேரம் முன்பே கொட்டகையில் வந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

டிராக்டர்காரர் வந்த அன்று, அடுத்த வயல்காரர் நடந்து நடந்து விழுந்த தடத்தைக் காட்டி, "இந்த மூணடிய மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"ஏங்க, இங்கயும்தானே இறுகிக் கெடக்கு?"

"கெடக்கட்டும். மத்தத ஓட்டுங்க." கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அடுத்த வயல்காரர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. பார்த்தால், தூரத்து வரப்பில் வயலைச் சுற்றிக்கொண்டு வேகமாகப் போகிறார். ஆழ உழுத நிலத்தை மிதித்தால் மறுபடி இறுகிவிடும் என்று விவசாயிக்குத் தெரியாதா? மரியாதைக்குத்தான் ஒதுங்கிப் போனார். மறுநாளும் அப்படியே, தலையை மட்டும் ஆட்டினார். உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் தடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் வரப்பில் ஏறியதும், "இப்படி வாங்க" என்று கத்தினேன்.

"உழுதிருக்கீங்களேண்ணே, மிதிக்கக் கூடாதுல்ல."

"இது உழாத எடம். நீங்க நடக்கத்தான் விட்டு வச்சிருக்கேன்."

அவர் கீழே பார்த்தார். இரண்டு பக்கமும் பெரிய பெரிய கட்டியாக மண் பெயர்ந்து கிடக்க, நடுவில் அந்தப் பாதை மட்டும் அப்படியே இருந்தது. அதில் இறங்கி நடந்து வந்து என் எதிரே நின்றார்.

"சாப்டாச்சாண்ணே?"

"இன்னும் இல்லங்க" என்றேன். பஸ்ஸைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்லவில்லை.