எகிப்து மதினி

காமயகவுண்டன்பட்டியில் பகலில் கதவைச் சாத்திய வீட்டை ஊர் சும்மா விடாது. யாருக்கு மேலுக்கு முடியலை, யாரோட சண்டை, எங்க போயிட்டாக என்று வாசலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். விடிந்ததும் திறந்தால் படுக்கப்போகும்போதுதான் சாத்துவது. இடையில் கதவு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். திராட்சைப் பந்தல் காற்று, கோழி, பக்கத்து வீட்டு மதினி எல்லாம் அதனதன் போக்கில் வந்து போகும். அந்தப் பழக்கத்தைத்தான் அம்மா அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஷார்ஜாவில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இறக்கிவைத்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா அங்கே ஒரு ஏலக்காய் மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. அதுவரை அப்பா என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, நான் பழகி முடிப்பதற்குள் உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறிப்போய்விடுகிற ஒருவர். இங்கே தினமும் சாயங்காலம் வந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இது கனவாக இருந்தால் யாரும் என்னை எழுப்பிவிடக் கூடாதே என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாமே கனவு மாதிரிதான் இருந்தது. ஜன்னலில் மலை இல்லை. ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே வானம் பிடிமானம் இல்லாமல் வழிந்து கடலில் போய்க் கரைந்தது. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஒரு புதுச் சென்ட் வாசனையும் ஒரு புதுப் பாஷையும் இறங்கி, காரிடாரில் மிதந்து போயின. நான் அந்த மிதப்பிலேயே இருந்தேன். அம்மாவால் மிதக்க முடியவில்லை.

காலையில் அப்பா கிளம்பியதும் கதவை விரியத் திறந்து, இடுக்கில் செருப்பை அண்டக்கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவாள். யாராவது எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? பார்த்தார்கள். பார்த்துவிட்டு, செருப்பைக் காலால் ஒதுக்கி, கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். வாட்ச்மேன் சாத்தினார். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் சாத்தின. எல்லாரையும்விட அதிகம் சாத்தியது எதிர்வீட்டு எகிப்து அம்மாள். அவர் சாத்துவது ஒரு தனி அழகு. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல மெல்ல இழுப்பார். உள்ளே இருக்கும் பெண்ணின் மேல் வழிப்போக்கர் கண் படாமல் காப்பது அவருடைய ஊர் மரியாதை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அவர் சாத்த, அம்மா திறக்க, அவர் மறுபடி சாத்த, மரியாதை மேல் மரியாதையாக அந்தக் கதவு படாத பாடு பட்டது.

"பாத்தீகளா, மொகத்துல அடிச்ச மாதிரி சாத்திட்டுப் போறாக. நாம என்ன பேயா பிசாசா?"

"ஏசி காத்து வெளிய போகுதுல்ல, அதேன் சாத்துறாக," என்றார் அப்பா.

"காத்து வந்து போறதுக்குத்தான் கதவு."

"ஏ புள்ள, இது நம்ம ஊரு இல்ல."

"அதைத்தான நானும் சொல்றேன்."

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "ஒருத்தி, ஒரே ஒருத்தி அங்கன நின்னு 'என்ன கொழம்பு'ன்னு கேக்கட்டும், நான் இருக்கேன். இல்லாட்டி எங்க ரெண்டு பேரையும் ஏத்தி விட்டுருங்க."

"இன்னும் ரெண்டு நாள் பாரு. அப்புறமும் ஒத்து வரலைன்னா டிக்கெட் போடுறேன்" என்றார் அப்பா, மிகவும் மெதுவாக.

மறுபடியும் பெட்டி, மறுபடியும் பஸ், மறுபடியும் இரண்டு வருஷம்.

மறுநாள் அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், எகிப்து அம்மாள் காய்கறிப் பையோடு வந்து வழக்கம்போலக் கதவில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரில் பக்கத்து வீட்டு மதினி நிற்பதுபோல நின்று காட்டினேன்: ஒரு கை இடுப்பில், ஒரு கை கதவு நிலையில், தலை மட்டும் உள்ளே. "மதினி, என்ன கொழம்பு?" என்று கேட்டும் காட்டினேன். ஊர் மதினி எனக்கு அத்தை முறைதான், ஆனால் அம்மாவிடம் மதினி என்றல்லவா கேட்க வேண்டும். அவர் சிரித்தார். சொல்லிப் பார்த்தார். நான் தலையிலடித்துக்கொண்டேன். மறுபடி சொன்னார். பையில் இருந்த கீரை வாடும்வரை சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் கதவு திறந்திருந்தது. அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு நிழல். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலையில்.

"மதினி! என்ன கொலம்பு?"

அருவாமனையில் அம்மாவின் கை நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புளிக்கொழம்பு மதினி. உள்ள வாங்க," என்றாள் அம்மா. குரல் பாதியில் உடைந்து சிரிப்பாகிவிட்டது.

அவர் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆளுக்கொரு பாஷையில் வெகுநேரம் பேசினார்கள். குழம்பின் காரத்தில் கண்ணீர் வழிய வழிய எகிப்து அம்மாள் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். போகும்போது பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அம்மா அதை அன்றைக்குத் திறக்கவில்லை.

சாயங்காலம் அப்பா தயங்கித் தயங்கி டிக்கெட் பேச்சை எடுத்தார்.

"இப்ப என்ன அவசரம்? நான் போனா மதினி கோவிச்சுக்குவாக," என்றாள் அம்மா.

என் தந்திரம் பலித்துவிட்டது, அம்மாவுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை என்று உள்ளுக்குள் குதித்தேன். எகிப்தில் பிறந்தவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அம்மா அன்றும் கேட்கவில்லை, என்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பதில் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தி வலிக்கும் அளவுக்கு. இவள் எதற்கு இப்படிப் பிடிக்கிறாள் என்று கையை உருவிக்கொண்டு நான் அப்பாவிடம் ஓடிவிட்டேன்.