யார் முதலில் கை வைத்தது

புனேயின் ஔந்திலிருந்து தளேகாவ் தொழிற்சாலைக்கு நாங்கள் மூன்று பேர் ஒரே காரில் போய்வந்தோம். வண்டியை ஓட்டும் அதன் சொந்தக்காரர் அங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். பக்கத்து இருக்கைக்காரர் திருநெல்வேலி. இருவரும் பதினோரு வருட 'வாடா போடா' நண்பர்கள். பின் இருக்கை எனக்கு. அன்றாடம் நடப்பதைத் தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுவேன் என்பதால், வழியில் எந்த வாக்குவாதம் வந்தாலும் தீர்ப்பு என்னிடம்தான். போன வருடம் முதல் மழை எந்தக் கிழமை, பாலத்தை எப்போது மூடினார்கள், இப்படி.

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளியது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை, சிஞ்ச்வட் தாண்டுவதற்குள் பேச்சு அதில் வந்து நின்றது.

"உங்காளுதான்டா மொதல்ல தள்ளினான். வீடியோ பாத்தியா இல்லியா?" என்றார் ஓட்டியவர்.

"பாத்தேம்லே. உங்காளு சினிமாக்காரன் கணக்கால்லா விழுதான்."

"அரே, மண்ட ஒடஞ்சிருக்கு, நடிப்பாம்!"

"சார்கிட்ட கேளு. எழுதியிருப்பாவ."

சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. முந்தின மாலை இரண்டு சேனல்கள் பார்த்து, இரண்டு விதமாகவும் குறித்திருந்தேன். முதலில் இருந்தது திருநெல்வேலிக்காரர் கட்சிக்குச் சாதகம். அதை வாசித்து முடித்ததுமே அவர் கைதட்டிவிட்டார்.

"கேட்டியாலே? தேதியோட இருக்கு!"

"இன்னொன்றும் இருக்கிறது" என்றேன். இருவர் காதிலும் விழவில்லை.

"இப்படித்தான்டா தள்ளினான்" என்று ஓட்டியவர் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நண்பரின் தோளைத் தள்ளினார். செய்து காட்டத்தான். ஆனால் திருநெல்வேலிக்காரரின் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது. அவர் அந்தக் கையை முறுக்கிப் பிடித்தார். கார் ஒரு லாரியை நோக்கி ஒதுங்கி, மயிரிழையில் திரும்பியது. ஹாரன் சத்தம் எங்களைக் கடந்து போன பிறகும் அவர்கள் கைகளை விடவில்லை.

தேஹு ரோடில், "நிறுத்துங்க" என்றார் திருநெல்வேலிக்காரர். நான் கூட வந்த இரண்டு வருடத்தில் அவர்களுக்குள் அந்த 'ங்க'வைக் கேட்டதில்லை. இறங்கி, ரயில் ஸ்டேஷன் பக்கமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க முன்னாடி வாங்க சார்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போய் உட்கார்ந்தேன். இருக்கையில் இன்னும் சூடு இருந்தது. நான் பெல்ட்டை மாட்டுவதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது.

"ரெண்டு வருஷமா பின்னாடி உக்காந்து எழுதுறீங்க. நீங்க யார் பக்கம் சார்?"

அவர் சாலையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.